ஆர்கானிக் பீஃப்: கேள்விகளும் பதில்களும், நடுவே ஒரு கொழுப்புச் சண்டை

டெக்சாஸில் ஓர் இறைச்சிக் கூடத்தில் பதினோரு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவன். அமெரிக்காவில் மாட்டுக்கறி வாங்குவது, லேபிள், சமையல் பற்றிக் கேளுங்கள். வியாதிக்கு டாக்டரிடம் போங்கள்.

டல்லாஸ் மருமகள்: ஆர்கானிக் முத்திரை போட்ட கறி விலை கையைக் கடிக்கிறது அண்ணா. அந்தக் காசுக்கு என்னதான் கிடைக்கிறது?

மாடு வளர்ந்த விதத்துக்கு ஓர் உத்தரவாதம் கிடைக்கிறது, அவ்வளவுதான். கணக்கு கன்று பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். தாய்ப்பசு சினையாக இருக்கும் கடைசி மூன்று மாதத்திலிருந்தே ஆர்கானிக் பராமரிப்பில் இருக்க வேண்டும். பிறந்த பிறகு தீவனம் முழுக்க ஆர்கானிக். ஹார்மோனும் ஆன்டிபயாடிக்கும் கூடாது, தடுப்பூசி போடலாம். வருடத்தில் குறைந்தது 120 நாள் மேய விட வேண்டும். மேய்ச்சல் பருவத்தில் அது தின்னும் தீவனத்தில், ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்டால், 30 சதவீதமாவது மேய்ச்சல் நிலத்திலிருந்து வர வேண்டும்.

சாதாரண மாடும் முதலில் புல்தான் மேயும். கடைசி நாலைந்து மாதம் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைப்பார்கள். பெரும்பாலும் காது மடலில் தோலுக்கடியில் ஹார்மோன் குளிகை வைத்திருப்பார்கள். காதைத் தடவினால் விரலில் வரிசையாக நெருடும்.

இனி, கிடைக்காதது. கறி மெத்தென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரைம், சாய்ஸ், செலக்ட் எல்லாம் முக்கியமாகக் கறிக்குள் ஓடும் கொழுப்பைப் பார்த்துப் போடும் தரம். ஆர்கானிக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கிருமிக்கும் இந்த முத்திரை தெரியாது. கொத்துக்கறி எந்த விலைக்கு வாங்கினாலும் 160 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

குமார், நியூஜெர்சி: ஆர்கானிக் என்றால் புல் மட்டும் தின்ற மாடுதானே?

இல்லை. ஆர்கானிக் மக்காச்சோளம் தின்றாலும் ஆர்கானிக்தான். கொழுக்க வைக்கும் கடைசிக் கட்டத்தில் அந்த 30 சதவீத விதிக்கே விலக்கு உண்டு, அதிகபட்சம் 120 நாள். புல்தான் வேண்டுமென்றால் ‘100 சதவீதம் கிராஸ்ஃபெட்’ என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். அதற்கென்று வைத்திருந்த தர வரையறையை அமெரிக்க வேளாண்மைத் துறை (யுஎஸ்டிஏ) 2016இல் விலக்கிக்கொண்டது. அதனால் சான்று கொடுத்தது யார் என்றும் பாருங்கள்.

செல்வி: மாட்டுக்கு நோய் வந்தால் மருந்து கொடுக்காமல் சாக விடுவார்களா?

விடக் கூடாது என்பது விதி. ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த பிறகு அந்த மாட்டை ஆர்கானிக் என்று விற்க முடியாது, சாதாரண விலைக்குத்தான் போகும். ‘இன்னும் ஒரு நாள் பார்ப்போமே’ என்று பண்ணைக்காரருக்கு மனசு தள்ளிப்போடும் என்பதையும் மறைக்க மாட்டேன். இந்த முறையில் எனக்கு உறுத்துகிற இடம் அதுதான்.

ரவி: ‘நேச்சுரல்’ என்று போட்டிருக்கிறதே, அதுவும் இதுதானே?

இல்லை. வெட்டிய பிறகு செயற்கையாக எதுவும் சேர்க்கவில்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்று அர்த்தம். மாடு எப்படி வளர்ந்தது என்பது பற்றி அந்த லேபிள் வாயே திறக்காது.

ஆம்பூர்க்காரன்: பண்ணையில் நேரடியாகப் புல் மாடு வாங்கினேன். கொழுப்பு மஞ்சளாக இருக்கிறது. கிழட்டு மாட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா சார்?

ஹூஸ்டன் வாசகர்: மஞ்சள்தான் சார் புல்லுக்கு அத்தாட்சி!

ஆம்பூர்க்காரன்: முப்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்த எங்கள் மாமா மஞ்சள் கொழுப்பைத் தொடவே மாட்டார். அவருக்குத் தெரியாதா?

சண்டை வேண்டாம், இரண்டு பேரும் சொல்வது சரி. பச்சைப் புல்லில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. பசு அதை முழுவதும் வைட்டமின் ஏ ஆக்காமல் மிச்சத்தைக் கொழுப்பில் சேர்த்து வைக்கும். அதனால் புல் மாட்டுக்கு மஞ்சள். வயதாக ஆகச் சேமிப்பும் ஏறும், அதனால் கிழட்டு மாட்டுக்கும் மஞ்சள். ஜெர்சி இனமென்றால் கேட்கவே வேண்டாம். பட்டியில் சோளம் தின்றால் வெளுத்துவிடும்.

எருமை அப்படியில்லை. கரோட்டினை வைட்டமினாக மாற்றிவிடும். பசு வெண்ணெய் மஞ்சளாகவும் எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் இருப்பது இதனால்தான். ஆம்பூர்க்காரரே, மாமா விற்றது வெள்ளைக் கொழுப்புள்ள எருமையா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வயதுக்கு எலும்பைப் பாருங்கள். இளம் மாட்டின் முதுகெலும்பு நுனிகளில் வெள்ளைக் குருத்தெலும்பு இருக்கும். கிழட்டு மாட்டில் அது இறுகி எலும்பாகிவிடும்.

விஜி: ஆர்கானிக் மாடு புல்தானே சாப்பிடும்?

மேலே குமாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

லதா: ‘ஹார்மோன் இல்லை’ என்று போட்ட கோழிக்கு விலை அதிகம். வாங்கலாமா?

அமெரிக்காவில் கோழிக்கும் பன்றிக்கும் வளர்ச்சிக்காக ஹார்மோன் கொடுக்க அனுமதியே இல்லை. ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மணி: சத்து அதிகமா?

ஆர்கானிக் இறைச்சியில் ஒமேகா-3 சுமார் 47 சதவீதம் அதிகம் என்று 2016இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. அது பெரும்பாலும் புல்லின் வேலை. மாட்டுக்கறியில் இருப்பதே கொஞ்சம், அதில் பாதி கூடினால் என்ன? ஒமேகாதான் வேண்டுமென்றால் மத்தி மீன் வாங்குங்கள்.

பிரபு: ஆர்கானிக் கொத்துக்கறி என்றால் பர்கரை உள்ளே சிவப்பாக விடலாமா?

கூடாது. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கம் இருக்கும், கல்லில் போட்டதும் செத்துவிடும். அரைத்தால் மேலே இருந்தது உள்ளே போய்விடும். 160. எத்தனை தடவை சொல்வது?

அனு: புல் தின்ற மாடு என்றால்...

குமார்!

ஆம்பூர்க்காரன்: மாமாவுக்குப் போன் போட்டேன் சார். பாதிக்கு மேல் எருமைதானாம். ‘இதைக் கேட்கவா அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டாய்’ என்று திட்டினார்.