காக்டஸையும் பீவரையும் வகைப்பாடு, அழிவு அபாயம் இரண்டிலும் எப்படி ஒப்பிடுவது?

ஒப்பிடலாம், ஆனால் இரண்டும் ஒரே படியில் இல்லை. பீவர் என்பது காஸ்டர் என்ற ஒரே பேரினம், இன்று மிஞ்சியிருப்பது இரண்டே இனங்கள்: வட அமெரிக்காவில் ஒன்று, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இன்னொன்று. காக்டஸோ ஏறத்தாழ 1,500 இனங்கள் கொண்ட முழுக் குடும்பம். எந்த இனம் எவ்வளவு அழிவு அபாயத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் (IUCN) இனத்துக்கு இனம் தனித்தனியாகத்தான் நிலை போடுவார்கள்.

வகைப்பாடு சுலபம். ஒன்று தாவரம், மற்றது பாலூட்டி, அதிலும் கொறிணி, எலி அணில் கூட்டம். ஒகேனக்கல் காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாயின் படத்தைப் போட்டு பீவர் என்று எழுதுகிறார்கள், அது ஊனுண்ணி. பீவர் தின்பது மரப்பட்டையும் இலையும். அதேபோல பென்னாகரம் பக்கம் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் காக்டஸ் இல்லை, ஒடித்தால் பால் வடியும், ஆமணக்குக் குடும்பம். சப்பாத்திக்கள்ளிதான் நிஜக் காக்டஸ். அதன் மட்டையைக் கிட்டத்தில் பாருங்கள்: முள் கிளம்பும் இடத்தில் சின்ன மெத்தை மாதிரி ஒரு புள்ளி, அதிலிருந்து பெரிய முள்ளும் அதைச் சுற்றிக் கையில் ஏறினால் லேசில் வராத பொடிமுள்ளும் வரும். அந்தப் புள்ளி காக்டஸ் குடும்பத்துக்கு மட்டுமே உரியது.

அழிவு அபாயத்தில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. ரோமத்துக்காக வேட்டையாடியதில் ஐரோப்பிய பீவர் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் 1,200 அளவுக்குச் சுருங்கியது. அப்புறம் வேட்டையைத் தடுத்து, பழைய ஆறுகளில் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள், இன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது, இரண்டு இனமுமே 'கவலை குறைந்தவை'. காக்டஸில் 2015இல் வந்த மதிப்பீடு 31 சதவீத இனங்கள் அழிவு அபாயத்தில் என்றது, யானை புலிக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. நம் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே களையாகி, அதை அடக்க 1926இல் பூச்சியைக் கொண்டுவந்துவிட வேண்டியிருந்தது. அதன் சொந்தக்காரச் செடிகளோ மெக்சிகோ பாலைநிலத்தில் வேரோடு பிடுங்கப்பட்டுக் கள்ளத்தனமாக விற்கப்படுகின்றன.

இன்னொன்று, நம் காவிரி நீர்நாய் 'பாதிக்கப்படக்கூடிய' இனம், பீவரைவிட மோசமான நிலை. 2022இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேர்த்து அறிவித்த காவிரி தெற்கு சரணாலயம் அதற்கும்தான்.

காக்டஸ் வளர்க்க ஆசை இருந்தால் நர்சரியில் விதையிலோ ஒட்டிலோ வளர்த்ததை வாங்குங்கள். காட்டிலிருந்து எடுத்தது என்று பெருமையாகச் சொல்லி விற்பவரிடம் வாங்கவே வேண்டாம்.