நேப்பிள்ஸில் கப்பல் நிற்கும் நாளில் எங்கே சாப்பிடலாம்?

கேள்வி: எங்கள் சுற்றுலாக் கப்பல் காலை 8 மணிக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்துக்கு வருகிறது. மாலை 5 மணிக்குள் ஏறிவிட வேண்டும். நானும் அம்மாவும் சுத்த சைவம். துறைமுகப் பக்கத்திலேயே சாப்பிடலாமா, ஊருக்குள் போக வேண்டுமா?
– வாசகி, கோவை

பதில்: ஊருக்குள்ளேயே போங்கள். இந்த ஊரில் கப்பல் வந்து நிற்கும் இடம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. வெளியே வந்ததும் எதிரே தெரிவது காஸ்டல் நுவோவோ கோட்டை. அங்கிருந்து பழைய நகரின் வியா தேய் த்ரிபுனாலி தெருவுக்கு 20, 25 நிமிட நடை. அம்மாவுக்கு நடப்பது சிரமம் என்றால் முனிசிப்பியோ நிலையத்தில் மெட்ரோ 1 பிடித்து, இரண்டாவது நிறுத்தமான தாந்தேயில் இறங்குங்கள். மீதி தூரம் கொஞ்சம்தான். தெருவெல்லாம் கல் பாவியது, மழை பெய்தால் வழுக்கும். பிடிப்பான செருப்பு போட்டுக்கொள்ளட்டும்.

சொர்பில்லோ, டி மத்தேயோ என்று பேர்பெற்ற பீட்சா கடைகள் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. மதியக் கடை திறக்கும் நேரத்துக்குக் கால்மணி முன்பே போய், வாசலில் இருப்பவரிடம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஒரு மணிக்குப் போனால் வரிசையிலேயே நேரம் போய்விடும்.

உங்களுக்கு உகந்தது மரினாரா. பெயரில் கடல் இருந்தாலும் மீன் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். மரபான நேப்பிள்ஸ் பீட்சா மாவில் மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர கொழுப்பு எதுவும் சேர்ப்பதில்லை. மார்கரீத்தாவில் மொஸரெல்லா சீஸ் உண்டு. அங்கே பாலைத் திரிக்க வழக்கமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் பயன்படுத்துவார்கள். அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் மரினாராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுப்பகுதி ஈரமாக, தொளதொளவென்று வரும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். 430 டிகிரிக்கு மேல் கொதிக்கும் விறகடுப்பில் 60 முதல் 90 விநாடிகளே வைப்பார்கள், அதனால்தான் அந்த மென்மை. ஆறினால் ரப்பர்போல ஆகிவிடும், சூட்டோடு சாப்பிடுங்கள்.

ஏமாறுகிற இடங்கள் வேறு. பாஸ்தாவில் ‘ஜெனொவேஸே’ என்று பார்த்துத் துளசி அரைத்த பச்சைச் சட்னி என்று நினைத்துவிடாதீர்கள். நேப்பிள்ஸில் அது வெங்காயத்தோடு மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் வேகவைத்த குழம்பு. பொரித்த பீட்சாவுக்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும். உருளைக்கிழங்கு வடைபோல இருக்கும் குரொக்கேயிலும் சில கடைகளில் இறைச்சி கலப்பார்கள். எல்லோரும் புகழும் ஸ்ஃபோல்யத்தெல்லா இனிப்பின் அடுக்குகளுக்கு இடையே மரபுப்படி தடவுவது பன்றிக் கொழுப்பு. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் இதையெல்லாம் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ‘சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பேஷே, சென்ட்ஸா ஸ்த்ருத்தோ’ என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு மூன்றும் வேண்டாம். கூட ஒரு தட்டு ஃப்ரியாரியெல்லி கேட்டுப் பாருங்கள். பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கிய, லேசாகக் கசக்கும் கீரை. நம் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது குளிர்காலத்துக் கீரை, கோடையில் கிடைப்பது அரிது.

கேள்வி: போன முறை இத்தாலியில் ஒரு துறைமுக உணவகத்தில், பட்டியலில் 8 யூரோ என்று போட்டிருந்த மீனுக்கு 52 யூரோ வாங்கினார்கள். ஏமாற்றா?
– வாசகர், மதுரை

பதில்: அநேகமாக அது 100 கிராமுக்கான விலை. முழு மீனை இத்தாலியில் எடை போட்டே விற்பார்கள். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருந்தால் 100 கிராம் என்று பொருள். 650 கிராம் மீன் 52 யூரோ ஆகிவிடும். சமைப்பதற்கு முன்பே மீனைக் காட்டி, எடை போட்டு, மொத்த விலை சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறையவைத்த மீன், அடிக்குறிப்பையும் படியுங்கள். ‘கோபர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ சேர்ப்பது இருக்கைக்கும் ரொட்டிக்கும். பட்டியலில் போட்டிருந்தால் அது முறையான கட்டணம்தான். அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை. காபியை மட்டும் நின்றுகொண்டே குடியுங்கள், மேசையில் உட்கார்ந்தால் விலை கூடும்.

கேள்வி: மிச்சமான பீட்சாவைக் கப்பலுக்குக் கொண்டுவரலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: சமைத்த உணவு, பழம், சீஸ் ஆகியவற்றைப் பெரும்பாலான கப்பல்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆலையில் மூடி முத்திரையிட்ட பிஸ்கட், சாக்லேட் வகைகளைப் பொதுவாக விடுவார்கள்.