23 வயது, போனில் பாஸ்போர்ட் படம், ஆனாலும் ஒயின் தரவில்லை: வாசகர் கேள்வி-பதில்

பிரிட்டன் சூப்பர்மார்க்கெட்டுகளில் மது வாங்கும்போது வயதுச் சான்று கேட்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். சட்ட விவரங்கள் இங்கிலாந்து, வேல்ஸுக்கு உரியவை.

கேள்வி: எனக்கு 23 வயது. முதுகலை படிக்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். நண்பனின் பிறந்தநாளுக்கு ஒரு ஒயின் பாட்டிலை செல்ஃப் செக்அவுட்டில் ஸ்கேன் செய்தேன். ஊழியர் வந்து ஐடி கேட்டார். ஆதார், போனில் இருந்த பாஸ்போர்ட் படம், இ-விசா மூன்றையும் காட்டியும் தரவில்லை. கூட வந்த நண்பன் தன் பாஸ்போர்ட்டைக் காட்டி அதே பாட்டிலைக் கேட்டான். அவனுக்கும் இல்லை என்றார்கள். 18 ஆனால் போதும்தானே?
– வாசகர், கவென்ட்ரி

பதில்: வாங்க 18 போதும். ஆனால் எதிரே நிற்பவருக்கு 17-ஆ 19-ஆ என்று முகத்தை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் பார்வைக்கு 25-க்குக் கீழே தெரிகிற எல்லோரிடமும் ஐடி கேட்கும் ‘சேலஞ்ச் 25’ முறையை 2009-ல் கடைகள் கொண்டுவந்தன. 25 என்ற எண் இங்கிலாந்தில் சட்டம் அல்ல, கடைகள் தாங்களே வைத்துக்கொண்ட விதி. (ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபர் 1 முதல் சட்டமாகவே இருக்கிறது.) உங்களைப் பொய்யர் என்று அவர் நினைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காட்டுகிற ஐடியில் மூன்று இருக்க வேண்டும் என்பது கடையின் மது உரிம நிபந்தனை: புகைப்படம், பிறந்த தேதி, கூடவே ஹாலோகிராம் அல்லது புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் அடையாளம். போனில் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் மூன்றாவது இல்லை. இ-விசா நீங்கள் இங்கே தங்க உள்ள உரிமையைக் காட்டுவது, கடையில் வயதைக் காட்ட ஏற்பட்டதல்ல. ஆதாரின் பழைய கார்டுகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும். புதிய பிளாஸ்டிக் கார்டில் ஹாலோகிராம் இருந்தாலும், அசல் எப்படி இருக்கும் என்று அந்த ஊழியருக்குத் தெரிய வழியில்லை.

முன்பு வெளிநாட்டு மாணவர்களிடம் பி.ஆர்.பி. என்ற தங்கும் அனுமதி அட்டை இருந்தது, பையில் கிடக்கும், காட்டிவிடலாம். 2024 டிசம்பர் 31-டன் அது முடிந்து எல்லாம் இ-விசா ஆனபின், வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர் பலரின் கையில் பாஸ்போர்ட் தவிர எந்த அட்டையும் இல்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுகளைப் பெரிய கடைகள் ஏற்கின்றன. ஆனால் ஒரு பாட்டிலுக்காகப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதை நாங்கள் சொல்லமாட்டோம். தொலைந்தால் தூதரகம், காவல் நிலையம் என்று வாரக்கணக்கில் அலைச்சல்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பிராவிஷனல் (பழகுநர்) ஓட்டுநர் உரிமம். இங்கே குறைந்தது 185 நாள் தங்க அனுமதி உள்ளவர் விண்ணப்பிக்கலாம்; ஆன்லைனில் 34 பவுண்டு, தபாலில் 43. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாதவர் மூலப் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்ப வேண்டிவரலாம். எனவே ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கும் மாதத்தில் தொடங்காதீர்கள். இன்னொன்று, சிட்டிசன்கார்டு போன்ற, ‘பாஸ்’ (PASS, வயது அட்டைகளுக்கான தேசிய முத்திரை) ஹாலோகிராம் உள்ள வயது அட்டை. ஓட்டும் எண்ணம் இருந்தால் முதலாவதையே எடுங்கள்.

நண்பனுக்கு ஏன் இல்லை? ஐடி இல்லாதவருக்கு மறுத்த பாட்டிலைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்தால், அவர் வழியாக இவருக்கே கொடுத்ததுபோல் ஆகிவிடும். 18-க்குக் கீழே உள்ளவருக்காக வேறொருவர் வாங்குவதும் குற்றம். உங்கள் வயதுக்குச் சான்று பார்க்காத ஊழியர் அந்தச் சந்தேகத்தை விட முடியாது. வேறு டில்லுக்கு (பணம் கட்டும் இடத்துக்கு) போனாலும் அதே பதில்தான் வரும்.

கேள்வி: 16 வயது மகனோடு வாரச் சாமான் வாங்கப் போனேன். எனக்கு 45. டிராலியில் இருந்த ஒரு ஒயின் பாட்டிலை மட்டும் எடுத்து வைத்துவிட்டார்கள். பிள்ளையோடு வந்தால் வாங்கக் கூடாது என்று சட்டமா?
– வாசகி, ஹாரோ

பதில்: அப்படிச் சட்டம் இல்லை. பாட்டில் பிள்ளைக்காகத்தான் என்று சந்தேகம் வந்தால் மறுக்கலாம், அவ்வளவே. அரிசி, பால், காய்கறியோடு ஒரு ஒயின் இருக்கும் டிராலியில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதில் ஊழியர் விதியை அளவுக்கு மீறி இழுத்துவிட்டார் என்றே சொல்வோம். மேலாளரைக் கூப்பிட்டு அமைதியாகக் கேளுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: எந்தப் பாட்டில் என்று மகனிடம் கேட்பது, அவன் கையால் எடுத்து டில்லில் பொருள் நகரும் பெல்ட்டில் வைக்கச் சொல்வது இரண்டும்தான் ஊழியர் கண்ணில் உறுத்தும்.

கேள்வி: படித்துக்கொண்டே சூப்பர்மார்க்கெட் டில்லில் பகுதிநேர வேலை செய்கிறேன். ஐடி கேட்கவே பயமாக இருக்கிறது, சிலர் திட்டுகிறார்கள். அட்டையில் எதைப் பார்ப்பது? தவறிவிட்டால் என் தலையிலா விழும்?
– வாசகி, லெஸ்டர்

பதில்: ஆம், உங்கள் தலையில்தான். விற்ற ஆளுக்கு அங்கேயே 90 பவுண்டு அபராதச் சீட்டு வரலாம். வழக்கானால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. சட்டம் உங்களுக்குத் தரும் காப்பு இதுதான்: வயதுச் சான்று கேட்டீர்கள், காட்டியது எந்த நிதானமான மனிதரையும் நம்பவைக்கும்படி இருந்தது என்றால் தப்பிக்கலாம். கேட்காமல் விட்டால் அந்தக் காப்பு போய்விடும். திட்டுகிறவர் திட்டிவிட்டுப் போய்விடுவார்.

பாட்டில் பெல்ட்டில் தெரிந்தவுடனே கேளுங்கள். எல்லாம் ஸ்கேன் ஆகி, பின்னால் ஐந்து பேர் நிற்கும்போது கேட்டால்தான் சண்டை வருகிறது. அட்டையைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பர்ஸின் பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஹாலோகிராமும் தெரியாது, ஓரம் பிரிந்திருப்பதும் தெரியாது. கையில் வாங்கிச் சாய்த்துப் பாருங்கள். ‘பாஸ்’ ஹாலோகிராம் அட்டையோடு அட்டையாக இருக்கும். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்பட்டால் அது மேலே ஒட்டியது. பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமத்தில் படம் கறுப்பு-வெள்ளை. வண்ணப்படம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உரிமத்தில் பலர் கவனிக்காத இடம் 5-ஆம் வரி, ஓட்டுநர் எண். முதல் ஐந்து இடம் குடும்பப்பெயரின் ஆங்கில எழுத்துகள். ரவி போல நாலே எழுத்து என்றால் மிச்ச இடத்தை 9 நிரப்பும். அடுத்த ஆறு இலக்கம் பிறந்த தேதி, ஆனால் பிரித்து வைத்திருக்கும். 2006 மார்ச் 14-ல் பிறந்த ஆணுக்கு 003146: முதல் 0-வும் கடைசி 6-ம் சேர்ந்து 06-ஆம் ஆண்டு, நடுவில் 03 மாதம், 14 தேதி. பெண் என்றால் மாதத்தின் முதல் இலக்கத்தோடு 5 கூடும். 053146 என்று வரும். 3-ஆம் வரியில் பிறந்த ஆண்டைச் சுரண்டி மாற்றுகிறவர்கள் இந்த எண்ணை மறந்துவிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மூன்று விநாடி போதும்.

கஷ்டமானது, அக்காவின் அசல் அட்டையைத் தங்கை கொண்டுவருவது. அட்டையில் குறை இருக்காது. முடியையும் மேக்கப்பையும் விட்டுவிட்டுக் காது, மூக்கு, தாடை பாருங்கள். உரிமத்தில் முகவரி இருக்கிறதே, போஸ்ட்கோடு கேளுங்கள். சொந்த அட்டை என்றால் யோசிக்காமல் வரும்.

ஆண்டை மட்டும் கழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 2007 டிசம்பரில் பிறந்தவருக்கு 2025 நவம்பரில் 17தான். இன்றைய தேதிக்கு 18 ஆண்டு முந்தைய தேதியைக் காலையிலேயே ஒரு துண்டுச்சீட்டில் எழுதி டில்லில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வேலை செய்பவருக்கே 18 ஆகவில்லை என்றால், அவர் செய்யும் ஒவ்வொரு மது விற்பனைக்கும் பொறுப்பான பெரியவர் ஒருவர் வந்து ஒப்புதல் தர வேண்டும். காலையில் ஒருமுறை மொத்தமாகச் சரி என்று சொல்வது செல்லாது.

கேள்வி: ஆல்கஹால் இல்லாத பீருக்கும் ஐடி கேட்கிறார்களே?
– வாசகர், ரெடிங்

பதில்: 0.5 சதவீதம் வரை உள்ளது உரிமச் சட்டத்தில் மது ஆகாது. ஆனாலும் பல கடைகள் தங்கள் விதியாகக் கேட்கின்றன. அது அவர்கள் உரிமை, வாதாடிப் பயனில்லை.

கேள்வி: சிறிய ஆஃப்-லைசென்ஸ் (மது வாங்கிக்கொண்டு போகும்) கடை வைத்திருக்கிறேன். தெரிந்த குடும்பத்துப் பொடியன் வந்து “அங்கிள், அப்பா பியர் எடுத்துக்கொண்டு வரச் சொன்னவர்” என்கிறான். அப்பாவே போனிலும் சொல்கிறார். கொடுக்காவிட்டால் மனஸ்தாபம்.
– வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் விற்பது குற்றம், பிள்ளையை அனுப்பி மது வாங்குவது அந்த அப்பாவின் குற்றம். போனில் இதையே சொல்லுங்கள்: “அண்ணை, பொடியன்ர கையில தந்தால் ரெண்டு பேருக்கும்தான் பிரச்சினை. நீங்களே ஒருக்கா வாங்கோ.” அதற்குமேல் மனஸ்தாபம் வளராது.

மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை பிடிபட்டால் ‘தொடர்ந்து விற்றல்’ என்ற தனிக் குற்றம் ஆகிவிடும். நீதிமன்றம் மது உரிமத்தை 3 மாதம் வரை நிறுத்தலாம். வழக்குக்குப் பதிலாக 48 முதல் 336 மணி நேரம், அதாவது 2 முதல் 14 நாள், மது விற்பனையை மூடச் சொல்லும் நோட்டீஸும் வரலாம்.

டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (கடைகள் சட்டப்படி விற்கின்றனவா என்று பார்க்கும் கவுன்சில் பிரிவு) அதிகாரிகள் 18-க்குக் கீழே உள்ளவரை அனுப்பிச் சோதிப்பார்கள். கடையில் மறுப்புப் பதிவேடு ஒன்று வையுங்கள்: தேதி, நேரம், என்ன கேட்டார், ஆள் எப்படி இருந்தார், ஏன் மறுத்தீர்கள், மறுத்தவரின் கையெழுத்து. இரண்டு மாதமாக ஒரு வரிகூட இல்லாத பதிவேட்டைக் கண்டால், இந்தக் கடையில் யாரிடமும் ஐடி கேட்பதில்லை என்றுதான் அதிகாரிக்குத் தோன்றும். சனிக்கிழமை மாலை உதவிக்கு வந்து நிற்கும் மச்சானுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்து, கற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.