ப்ளாங்க் வரைபடத்தில் முகடு எங்கே போனது?

கேள்வி: வேலந்தாவளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கோவைக்குப் போய் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ப்ளாங்க் விண்கலத்தின் ஸ்மிகா வரைபடத்தை (பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்னணியின் வான வரைபடம்) ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகம் மூலம் திறந்து, வான வரைபடங்களுக்கான ஹீல்பை நூலகத்தில் நிறமாலை கணக்கிடும் அனாஃபாஸ்டில் கொடுத்தேன். நிறமாலையில் எல் 220 அருகே (எல் கூடக் கூட, வானில் சிறிய கோண அளவு) வரவேண்டிய முதல் முகடு வரவில்லை. லேப்டாப்பும் திணறுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பிக்சல் வரிசையைப் பாருங்கள். ப்ளாங்க் கோப்புகள் நெஸ்டட் வரிசையில் இருக்கும்: வானத்தை 12 கட்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போகும் முறை. அனாஃபாஸ்ட் எதிர்பார்ப்பது ரிங் வரிசை, அதாவது வட துருவத்திலிருந்து வளையம் வளையமாகத் தெற்கே இறங்குவது. ஆஸ்ட்ரோபை உள்ளதை உள்ளபடியே தரும், மாற்றித் தராது. ஹீல்பையின் ரீட்_மேப்பில் திறந்தால் அதுவே ரிங்குக்கு மாற்றிவிடும். சந்தேகமிருந்தால் மாஸ்க்கை (எந்தப் பிக்சல்களை விடவேண்டும் என்று 0, 1-ஆல் சொல்லும் வரைபடம்), முழு வானத்தையும் படமாகக் காட்டும் மால்வியூவில் போட்டுப் பாருங்கள். பால்வீதியை மறைக்கும் பட்டை நடுவில் கிடைமட்டமாக ஓடினால் வரிசை சரி. சிதறிக் கிடந்தால் தவறு. வெறும் வெப்பநிலைப் படத்தைவிட இதில் பிழை பளிச்சென்று தெரியும்.

அடுத்து அலகு. கோப்பில் இருப்பது கெல்வின். மைக்ரோகெல்வினுக்கு மாற்ற வரைபடத்தைப் பத்து லட்சத்தால் பெருக்குங்கள். எல்(எல்+1)/2π காரணியையும் சேர்த்தால் முதல் முகடு சுமார் 5,700 மைக்ரோகெல்வின் வர்க்கத்துக்கு வரவேண்டும்.

லேப்டாப் திணறுவதில் வியப்பில்லை. வரைபடத்தின் நுணுக்கத்தைக் குறிக்கும் என்சைட் 2048 என்றால் 5 கோடிக்கு மேல் பிக்சல்கள். கல்லூரி லேபிலேயே யுடி_கிரேடால் 512-க்குக் குறைத்து, பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சுமார் 31 லட்சம் பிக்சல்தான். முதல் மூன்று முகடுகளுக்குத் தாராளம். மாஸ்க்கையும் குறைப்பீர்கள் அல்லவா? அப்போது ஓரங்களில் பின்ன மதிப்புகள் வரும். 0.9-க்குக் கீழே உள்ளவற்றைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

மாஸ்க் போட்டபின் கிடைக்கும் நிறமாலையை, மீதமிருக்கும் வானப் பங்கால் வகுப்பது முதல் பார்வைக்குப் போதும். ப்ராஜெக்ட் அறிக்கைக்கு, மாஸ்க்கின் விளைவை முறையாகத் திருத்தும் நமாஸ்டர் போன்ற கருவிதான் நியாயம். ஸ்மிகாவின் 5 ஆர்க்மினிட் (பாகையின் 12-ல் ஒரு பங்கு) மங்கலையும் திருத்துங்கள். எல் 220-ல் இழப்பு 2 சதவீதம்தான். 800-ல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அப்புறம், பிக்சல் சாளரத் திருத்தத்தையும் (பிக்சலின் அளவால் வரும் மங்கலுக்கானது) மறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின், கேம்ப் என்ற நிரல் தரும் கோட்பாட்டு நிறமாலையிலிருந்து ஹீல்பையின் சின்ஃபாஸ்டால் ஒரு போலி வானம் உருவாக்கி, அதே நிரலில் ஓட்டுங்கள். போட்டது திரும்பி வந்தால், உண்மையான வரைபடத்தில் கிடைப்பதையும் தைரியமாக வழிகாட்டியிடம் காட்டலாம்.