சிங்கப்பல் வெளியே வரவில்லையா? வாசகர் கேள்விகள், பல் மருத்துவர் பதில்கள்

மேல்தாடையில் வெளியே வராமல் எலும்புக்குள்ளேயே தங்கிவிட்ட சிங்கப்பல் பற்றி சேலம் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் சில இங்கே. கோரைப்பல், வேட்டைப்பல் என்று எழுதியிருந்தவர்களும் உண்டு. எல்லாம் ஒன்றுதான்: நடுவிலிருந்து எண்ணினால் 3-வது பல்.

எனக்கு 32 வயது. மேலே இடதுபக்கம் சிங்கப்பல் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் பால் பல்தான் இருக்கிறது. இப்போது லேசாக ஆடுகிறது. நிஜப்பல் அண்ணத்துக்குள் சாய்ந்து படுத்திருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிகிறதாம். ஒரு டாக்டர், இரண்டையும் எடுத்துவிட்டு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்கிறார். இன்னொருவர், கிளிப் போட்டு இழுத்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
*வாசகி, அம்மாபேட்டை*

இருவருமே தவறாகச் சொல்லவில்லை. ஆனால் இருவரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பல் நகருமா? அதற்கு விடை தெரிவதற்கு முன் பால் பல்லைப் பிடுங்க சம்மதிக்காதீர்கள். பெரியவர்களின் சிகிச்சையில் அதிகம் நடக்கும் தவறு அதுதான். பால் பல்லை எடுத்து, இடத்தை விரித்து, ஒரு வருடம் கம்பியோடு நடந்த பிறகு உள்ளே இருப்பது அசையவில்லை என்று தெரிந்தால், வாயின் முன்பக்கத்தில் ஓட்டையோடு நிற்பீர்கள்.

ஏன் அசையாமல் போகிறது? பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மி.மீ. கூடத் தடிமன் இல்லாத நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. கிளிப் வேலை செய்வதே இந்தச் சவ்வை நம்பித்தான். ஒரு பக்கம் அழுத்தம் பட்டால் அங்கே எலும்பு கரையும், மறுபக்கம் புதிதாக வளரும், பல் நகரும். பல வருடம் உள்ளேயே கிடந்த பல்லில் சில இடங்களில் இந்தச் சவ்வு மறைந்து, வேர் எலும்போடு நேராக ஒட்டிப்போய்விடலாம். 20-களில் இருப்பவர்களைவிட 30 தாண்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதல். ஸ்கேனிலும் இது எல்லா நேரமும் பிடிபடும் என்று சொல்ல முடியாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் உங்கள் வயதில் வரிசையை மாற்றிப் போடுவது நல்லது. முதலில் பல்லைத் திறந்து ஒரு கொக்கியை ஒட்ட வேண்டும். அண்ணத்திலோ கடைவாய்ப் பக்கத்திலோ 6 முதல் 8 மி.மீ. நீளமுள்ள மினி ஸ்க்ரூ ஒன்றைப் பதித்து, அதிலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் நகர்வு தெரிந்தால் மற்ற பற்களுக்குக் கிளிப் போடலாம். தெரியாவிட்டால் நஷ்டம் ஒரு சின்ன அறுவையோடு முடிந்தது. பால் பல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்க்ரூவைப் பிடித்து இழுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பக்கத்துப் பற்களைப் பிடித்து இழுத்தால், ஒட்டிப்போன பல் அசையாது. பிடிமானமாக நின்ற நல்ல பற்கள்தான் மேலே ஏறிக்கொள்ளும். கிணற்று வாளிக்குப் பதில் ராட்டினம் உள்ளே இறங்குகிற கதை.

இரண்டாவதாக, பல் எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓபிஜி படம் (இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) மட்டும் போதாது. அதில் ஆழம் தெரியாது. முன்பெல்லாம் இரண்டு சின்ன எக்ஸ்ரே எடுத்தே கண்டுபிடித்தார்கள், இன்றும் அது செல்லும். ஓமலூரிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், பக்கத்துத் தென்னைகள் பின்னால் ஓடும், தூரத்துச் சேர்வராயன் மலை மட்டும் நம் கூடவே வரும் இல்லையா? அதே கணக்குதான். எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் தள்ளி இரண்டாவது படம் எடுக்கும்போது, குழாய் போன பக்கமே பல்லின் நிழலும் வந்தால் அது அண்ணப்பக்கம். எதிர்த்திசையில் போனால் உதட்டுப்பக்கம். இருந்தாலும் பெரியவர்களுக்கு முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துவிடுவதே என் விருப்பம். காரணம், பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை இந்தப் பல் அரித்திருக்கிறதா என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும்.

ஸ்கேனைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். பல்லின் நுனி 2-வது பல்லின் வேரைத் தாண்டி நடுப்பல் வரை போயிருக்கிறதா? எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா, படுத்தே கிடக்கிறதா? நடுப்பல்லை எட்டி, உயரத்தில், படுத்தும் கிடந்தால் இம்பிளான்ட் சொன்ன டாக்டர் பக்கம் தராசு சாயும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சிங்கப்பல்தான் வாயிலேயே நீளமான பல். வேரோடு சேர்த்து 27 மி.மீ. அளவுக்கு வரும். அண்ணத்துக்குள்ளிருந்து அதை எடுத்தால் பள்ளம் விழும். எலும்பு ஒட்டு வைத்துச் சில மாதம் காத்திருந்த பிறகே பெரும்பாலும் இம்பிளான்ட்.

வயது 27, ஏற்காட்டில் தோட்ட வேலை. அறுவை செய்து சங்கிலி மாட்ட வேண்டும் என்கிறார்கள். என்னதான் செய்வார்கள்? 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி மாதாமாதம் வர வேண்டியிருக்குமா? சங்கிலி கழன்றுவிட்டால் என்ன செய்வது?
*வாசகர், ஏற்காடு*

மரத்துப்போகும் ஊசி போட்டு, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம். வண்டியை மட்டும் வேறு யாராவது ஓட்டட்டும்.

ஈற்றை மடித்துத் திறந்து, பல்லின் தலைப்பகுதி மேல் இருக்கும் எலும்பை, கொக்கி ஒட்டுகிற அளவுக்கு மட்டும் எடுப்பார்கள். வேர் தொடங்கும் கோடு வரை சுரண்டக் கூடாது; சுரண்டினால் பின்னாளில் ஈறு இறங்கும். அடுத்து 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சுமார் 30 விநாடி தடவிக் கழுவி, உலர்த்தி, கொக்கியாக ஒரு சின்னப் பொத்தானைப் பசையால் ஒட்டி, நீல ஒளியில் இறுக வைப்பார்கள். இந்த இடத்தில்தான் கவனம் முழுவதும் வேண்டும். ஒரு துளி ரத்தமோ எச்சிலோ பட்டால் பசை பிடிக்காது. இரண்டு மாதம் கழித்துச் சங்கிலி கழன்று வருவதற்குப் பெரும்பாலும் இந்த அரை நிமிடம்தான் காரணம்.

பொத்தானோடு மெல்லிய சங்கிலி இருக்கும். பெரும்பாலும் தங்க முலாம் பூசியது. கொலுசு செய்யும் ஊர்க்காரர்களுக்குக் கண்ணி என்றால் விளக்க வேண்டாம். ஈற்றைத் திரும்பத் தைத்து மூடிவிட்டால், தையல் ஓரத்தில் வெளியே தெரியும் சங்கிலி நுனியைக் கம்பியில் கட்டிவைப்பார்கள். பல் இறங்க இறங்க, ஒவ்வொரு தடவையும் மிச்சமாகும் கண்ணியை வெட்டிவிடுவார்கள். வெளியே எத்தனை கண்ணி தெரிகிறது என்று கண்ணாடியில் எண்ணி எழுதி வையுங்கள். வெட்டாமலேயே கண்ணி கூடினால் பல் வருகிறது என்று பொருள், அல்லது பொத்தான் உள்ளே கழன்றுவிட்டது. சங்கிலி திடீரென்று தொளதொளவென்று நீண்டு வந்தால் இரண்டாவதுதான். அப்போது இழுத்துப் பார்க்காதீர்கள்; மறுபடி திறந்து ஒட்ட வேண்டியிருக்கும்.

பல் ஆழமில்லாமல் அண்ணத்தை ஒட்டியே இருந்தால், மூடாமல் ஜன்னல் மாதிரி திறந்து, மருந்துப் பஞ்சு வைத்து ஒரு வாரம் பத்து நாள் விடுவதும் உண்டு. பலனில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திறந்த முறையில் ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடுதல். ஆனால் கொக்கி கழன்றால் கத்தி வைக்காமலேயே திரும்ப ஒட்டலாம். மலையில் இருக்கும் உங்களுக்கு, பல்லின் இருப்பு இடம்கொடுத்தால், நான் திறந்த முறையைத்தான் சொல்வேன்.

இழுக்கும் விசை 60 கிராமுக்குள் இருந்தால் போதும். வேகமாக வரட்டும் என்று இறுக்கினால் பல் வேகமாக வராது, வேர்தான் தேயும். மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். திசை அதைவிட முக்கியம். நேராகக் கம்பியை நோக்கி இழுத்தால் போகிற வழியில் 2-வது பல்லின் வேரை உரசி அரிக்கும். முதலில் அந்த வேரிலிருந்து விலக்கி, பின்பக்கமாகவும் கீழாகவும் கொண்டுவந்து, அதற்கப்புறம்தான் வரிசைக்குத் திருப்ப வேண்டும். “முதலில் எந்தப் பக்கம் இழுப்பீர்கள்?” என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நல்ல டாக்டர் சந்தோஷமாகப் படம் வரைந்து காட்டுவார்.

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை இறங்கி வர வேண்டும். சங்கிலி நுனி கம்பியிலிருந்து மட்டும் கழன்று தொங்கினால் அவசரமில்லை. மெழுகு வைத்து ஒட்டி, ஒரு வாரத்துக்குள் வந்தால் போதும். கம்பி நுனி கன்னத்தைக் குத்தினால், பென்சில் பின்னால் இருக்கும் ரப்பரால் பல் பக்கம் மடக்கிவிடுங்கள். வீக்கம், சீழ், காய்ச்சல், அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தால் அன்றே கீழே இறங்குங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வதே மந்தப்படலாம்.

எங்கள் பகுதியில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தோம். பல்லில் பழுப்புக் கறை. போட்ட கிளிப் மாதத்துக்கு இரண்டு கழன்று விழுகிறது. உள்ளே இருக்கும் சிங்கப்பல்லாவது வெள்ளையாக இருக்குமா?
*வாசகர், ஓமலூர்*

இருக்காது. சிங்கப்பல்லின் எனாமல் உருவாகி முடிவது 6, 7 வயதில், எலும்புக்குள்ளேயே. அந்த வயதில் குடித்த தண்ணீரின் ஃப்ளோரைடு அதிலும் பதிந்திருக்கும். பிறகு காவிரித் தண்ணீருக்கு மாறியிருந்தாலும் அது மாறாது. முதலிலேயே தெரிந்துகொண்டால், இரண்டு வருடம் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

கிளிப் கழல்வதற்கும் இதுதான் காரணம். ஃப்ளோரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு மசியாது. வழக்கமான 30 விநாடி போதாமல் ஒரு நிமிடத்துக்கும் மேல் வைக்க வேண்டியிருக்கும், சில பற்களில் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும். பல் நிறத்தில் வரும் செராமிக் கிளிப் உங்களுக்கு வேண்டாம். கழற்றும்போது பொடிந்த எனாமலும் கூடவே பெயர்ந்து வரலாம், உலோகம்தான் பாதுகாப்பு.

வயது 46. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் சிங்கப்பல் உள்ளே இருப்பது தெரிந்தது. வலி இல்லை, பால் பல்லும் உறுதியாக இருக்கிறது. ஏதாவது செய்தே ஆக வேண்டுமா?
*வாசகர், செவ்வாய்பேட்டை*

வேண்டாம். பால் பல்லின் வேர் கரையாமல் இருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் மறந்துவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் பல்லின் தலையைச் சுற்றி ஒரு பை உண்டு. படத்தில் அது 3 மி.மீ.க்கு மேல் அகலமாகத் தெரிந்தால் நீர்க்கட்டியா என்று பார்க்க வேண்டும். ஓரிரு வருடத்துக்கு ஒரு படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

எனக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. மகளுக்கு 11 வயது. அவளுக்கும் வருமா?
*வாசகி, ஆத்தூர்*

குடும்ப வழியில் வருவதுண்டு, பெண்களுக்குக் கூடுதலாகவே வரும். பால் சிங்கப்பல்லுக்கு மேலே, உதட்டுக்குள் ஈற்றை விரலால் தடவிப் பாருங்கள். 10 வயதிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, பக்கத்து வெட்டுப்பல் குச்சி மாதிரி சிறுத்திருந்தாலோ ஒரு ஓபிஜி எடுங்கள். உங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத வாய்ப்பு அவளுக்கு இருக்கிறது. 10 முதல் 13 வயதுக்குள், வரிசையில் இடமும் இருந்தால், பால் சிங்கப்பல்லை எடுத்துவிட்டாலே அண்ணப்பக்கம் போகும் பல் பலருக்குத் தானாக வழிக்கு வரும். ஸ்வீடனில் 1988-ல் வெளியான ஆய்வில் இப்படிச் செய்த 46 பற்களில் 36 சரியான பாதைக்குத் திரும்பின. அம்மாபேட்டை வாசகிக்கு ‘எடுக்காதீர்கள்’, உங்களுக்கு ‘எடுக்கலாம்’ என்கிறேனே என்று குழம்ப வேண்டாம். 32-ல் அந்தப் பல் தானாகக் கிளம்பாது.

கிளிப் போட்டால் தட்டுவடை செட் சாப்பிடலாமா?
*வாசகர், அஸ்தம்பட்டி*

தட்டுவடையை முன்பல்லால் கடிக்கும் ‘நறுக்’ சத்தம் இருக்கிறதே, கிளிப் உடையும் சத்தமும் கிட்டத்தட்ட அதுதான். பொடித்து, சட்னியில் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் அதைச் செட்டாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும். மாம்பழத்தைத் துண்டு போட்டுச் சாப்பிடலாம். கொட்டையைச் சப்பக் கூடாது. பாக்கு அறவே வேண்டாம். ரப்பர் வளையம் வெள்ளையாகக் கேட்டு வாங்காதீர்கள்; இரண்டு நாள் சாம்பாரில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறம் கேளுங்கள்.

வயது 26. தை மாதம் கல்யாணம், இன்னும் 6 மாதம் இருக்கிறது. அதற்குள் பல் வந்துவிடுமா?
*வாசகி, மேட்டூர்*

வராது. முழு சிகிச்சைக்கு 2 வருடம், சிலருக்கு 3 வருடம். 6 மாதத்தில் முடிப்பதாக யாராவது சொன்னால் எப்படி என்று விளக்கச் சொல்லுங்கள். இப்போது ஈறு சுத்தம், சொத்தை அடைப்பு, ஸ்கேன் மூன்றையும் முடித்துவிடுங்கள். பால் பல்லைத் தொட வேண்டாம். அதன் அகலம் 7 மி.மீ., நிஜப்பல்லுக்கு 8 வரை போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஓரத்தில் பல் நிறப் பசையை ஒட்டி வடிவம் கொடுத்துவிட்டால் கல்யாண போட்டோவில் யாருக்கும் தெரியாது. குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயும் அறுவையும் அதற்கு முன்னால் முடிவது நல்லது. கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும். மாசியில் தொடங்குவதானால், ஈறு சுத்தம் செய்ய ஒரு நாளையும் ஜாதகப் பேச்சுக்கு நடுவே இப்போதே குறித்து வையுங்கள்.