மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டே சொந்தப் பாட்டு எழுதிப் பாடி பொழைக்க முடியுமா?

முடியும் தம்பி, ஆனா ஸ்ட்ரீமிங் காச மட்டும் நம்பி எறங்காத. ஸ்போட்டிஃபைல நேரா அப்லோட் பண்ண முடியாது, டிஸ்ட்ரோகிட் மாதிரி, பாட்ட வாங்கி ஏத்திக் குடுக்குற ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாத்தான் போகணும், அதுவும் 2024-லேருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 தடவயாச்சும் ஓடுனாத்தான் அந்தப் பாட்டுக்கு காசே வரும். நம்ம ஆளுங்க நெறைய பேரு சோத்துக்கு நம்புறது கல்யாணம், பொறந்தநாள், கோயில் திருவிழா மேடயத்தான், அங்க ஊரு கேக்குற சினிமா பாட்டு நாலு பாடிட்டு நடுவுல உன் பாட்டு ஒன்ன சொருகு.

முக்கியமா இத கேளு. ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு, வரியும் மெட்டும் ஒண்ணு, ரெக்கார்டிங் இன்னொண்ணு. ஸ்டூடியோ காச வேற ஒருத்தர் போட்டா ரெக்கார்டிங் யாருக்குன்னு பாட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்கிடு, கூட மெட்டு போட்ட கூட்டாளியா இருந்தாலும் பங்கு எவ்ளோன்னு எழுதிடு, மொகதாட்சண்யம் பாக்காத. வரி, மெட்டுக்கு ராயல்டி வசூலிச்சு குடுக்குற எம்ஏசிபி அமைப்புல உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிஞ்சு வை, அப்பத்தான் மின்னல் எஃப்எம், ராகா ரேடியோவுல ஓடுறப்ப உன் பங்கு உன்ன தேடி வரும். மலேசியாவோட 1987 பதிப்புரிமைச் சட்டப்படி உன் வரியும் மெட்டும் உன் ஆயுசுக்கும் அதுக்கப்புறம் 50 வருஷத்துக்கும் பாதுகாப்புல இருக்கும், பதியாட்டியும் உரிமை உண்டு, ஆனா தகராறு வந்தா மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓல பதிஞ்சது சாட்சியா நிக்கும்.

கேஎல்லுக்கு (கோலாலம்பூருக்கு) குடிபோகணும்னு அவசியமில்ல. வரிய மட்டும் நம்ம தோட்டத்து பேச்சுல எழுது, சென்னை தமிழ்ல எழுத அங்கயே ஆயிரம் பேரு இருக்காங்க.