வாசகர் கேள்விகள்: ஜெட்டுக்கு ஏன் தனி எண்ணெய் வண்டி?

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள், பழைய விமானங்கள் கூடும் விழா ஒன்றுக்கு அழைத்துப் போனாள். ‘ஜெட் ப்ரொவோஸ்ட்’ என்ற பழைய பயிற்சி ஜெட் மட்டும் வேறு எண்ணெய் வண்டிக்காகக் காத்திருந்தது. ஸ்டார்ட் செய்தபோது முதல்முறை பிடிக்கவில்லை. உடனே மறுபடி முயலாமல் விட்டுவிட்டார்கள். ஏன்?
*– வாசகி, குளச்சல்*

ஜெட்டுக்கு ஊற்றும் ஜெட் ஏ-1, உங்கள் ஊர் வள்ளங்களுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயின் இனம்தான். மற்றப் பழைய விமானங்களில் பெரும்பாலானவை பிஸ்டன் இன்ஜின். அவற்றுக்கு நீலச் சாயம் போட்ட 100 எல்எல் பெட்ரோல். மாற்றி ஊற்றினால் சிக்கல் பிஸ்டன் விமானத்துக்குத்தான் அதிகம். வள்ளத்து மோட்டார் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெய்க்கு மாறும். குறைந்த அழுத்தத்தில் அதற்கென்றே செய்தது. விமானத்தின் பிஸ்டன் இன்ஜினோ மண்ணெண்ணெயில் முழு பவர் போகும்போது நாக் அடித்து (எண்ணெய் தாறுமாறாக வெடித்து), பிஸ்டனே ஓட்டையாகிவிடும். அதிலும் மோசம், பைப்பில் மிச்சமிருக்கும் நல்ல பெட்ரோலில் ஒழுங்காக ஓடி, தரையை விட்டபிறகு காலை வாரும். பல இடங்களில் ஜெட் எண்ணெய்க் குழாயின் மூக்கை அகலமாக, தட்டையாக வைப்பது இதற்காகத்தான்: பெட்ரோல் டாங்க் வாயில் நுழையாது.

ஸ்டார்ட் விஷயத்துக்கு வருவோம். ஜெட் ப்ரொவோஸ்ட்டில் இருப்பது ‘வைப்பர்’ என்ற ஜெட் இன்ஜின்; அதை மின்மோட்டார் சுற்றிவிட வேண்டும். தீப் பிடிக்காவிட்டால், தெளித்த எண்ணெய் எரியாமல் உள்ளே தேங்கும். உடனே பற்றவைத்தால் வால் குழாயிலிருந்து தீ நாக்கு நீளும். எனவே எண்ணெய் வடியவிட்டு, எண்ணெயும் தீப்பொறியும் இல்லாமல் வெறுமனே ஒருமுறை சுற்றி, அப்புறம்தான் அடுத்த முயற்சி. ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதற்குள் ஆறிவிடும்.

பேட்டரி சோர்ந்திருந்தால் இன்னும் ஆபத்து. சுற்று மந்தமாகி காற்று குறையும், எண்ணெய் மட்டும் வரும். வெப்பம் எகிறி டர்பைன் இறக்கைகள் கருகும். 28 வோல்ட் மின்சாரம் தரும் தள்ளுவண்டியை வெளியிலிருந்து இணைப்பது இதற்கே. விமானியின் கண் ஜெட் குழாய் வெப்பமானியில்தான் இருக்க வேண்டும். முள் எல்லையை நோக்கி ஓடினால், தாண்டும்வரை காத்திராமல் எண்ணெயை அடைக்க வேண்டும்.

நம் நாட்டில் இப்படி ஒரு பயிற்சி ஜெட் உண்டா?
*– வாசகர், தக்கலை*

உண்டு, எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தயாரித்த கிரண். முதலில் பறந்தது 1964 செப்டம்பர் 4-ல். ஜெட் ப்ரொவோஸ்ட் 1954 ஜூன் 26-லேயே பறந்துவிட்டது. இரண்டிலும் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில்தான். கிரண் மார்க் 1-க்கும் வைப்பர்தான், 1,134 கிலோ உந்துவிசை. ஆளில்லா இலக்கு விமானமான ஜிண்டிவிக்குக்காக, 10 மணி நேரம் ஓடினால் போதும் என்று பிறந்த இன்ஜின் அது! மார்க் 2-ல் ஆர்ஃபியஸ் என்ற வேறு இன்ஜின் வந்தது. 1996-ல் உருவான, நம் விமானப் படையின் சூர்ய கிரண் சாகசக் குழு முதலில் பறந்தது இந்த மார்க் 2-ல்தான்.